ஸ்பேனர் வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க கையைப் பாருங்க!

(தொழில் அறிவோம் – பாடம்)



குழுக் கடனில் கறவை மாடு வாங்கப் போனால் நாம் சும்மா வாங்குவதில்லை. பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம், ஒரு வேளை கறந்து பார்த்துத்தான் பணத்தை எண்ணி வைக்கிறோம். தையல் மெஷின் வாங்கினாலும் நாலு இடத்தில் விசாரிப்போம். ஆனால் ஸ்பேனர் என்று வந்தால் மட்டும், "அண்ணாச்சி, ஒரு செட் குடுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பொதிந்து கொடுத்ததைப் பையில் போட்டுக் கொண்டு வந்து விடுகிறோம். பிறகு பத்து வருஷத்துக்கு அந்த ஸ்பேனரோடு மல்லுக்கட்டுவது அண்ணாச்சி இல்லை, நம்ம கைதான்.

"ஸ்பேனர் ஆம்பளைங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று யாராவது கேட்கலாம். நம் மாவட்டத்தையே சுற்றிப் பாருங்கள். சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிகளில் பெண்கள் இருக்கிறார்கள். தறி நின்று போனால் பிட்டர் வரும் வரை காத்திருந்தால் அன்றைக்குக் கூலி போச்சு. அதனால் ஒரு நட்டு லூசானால் அவர்களே முடுக்கிக் கொள்கிறார்கள். சிவகாசியில் நோட்டுப் புத்தகம், காலண்டர் வேலையில் தைக்கிற மெஷின், வெட்டுகிற மெஷின் பக்கத்தில் நிற்பது நம் பெண்கள்தான். 2019-இல் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கிய பிறகு வீட்டுக்கு வீடு குழாய் வருகிறது. குழாய் வந்தால் ஒழுக்கும் வரும். ஒழுக்கை அடைக்கத் தெரிந்த பெண்ணுக்கு ஊரில் வேலைக்குக் குறைவில்லை.

இது புதிதும் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் பாந்தா மாவட்டத்தில் 1990-களில் மகிளா சமாக்யா திட்டத்தில் சேர்ந்த ஏழைப் பெண்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உட்பட, அடிபம்பு மெக்கானிக் பயிற்சி எடுத்து ஊர் ஊராகப் போய் பம்பு ரிப்பேர் பார்த்தார்கள். அதே காலத்தில் நம் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொண்டார்கள். "பொம்பளை சைக்கிள் மிதிக்கிறதா?" என்று அப்போதும் கேட்டார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

வலி எங்கிருந்து வருகிறது?

கிராமக் கூட்டங்களில் ஸ்பேனர் பிடிக்கிற அக்காமார் என்னிடம் காட்டுவது உள்ளங்கையைத்தான். பெருவிரலுக்குக் கீழே காப்புக் காய்த்திருக்கும். "ராத்திரி கை மதமதன்னு மரத்துப் போகுது தாயி, உதறி உதறித்தான் தூங்குறேன்" என்பார்கள். இது வயசுக் கோளாறு இல்லை. மணிக்கட்டு வழியாக ஒரு நரம்பு உள்ளங்கைக்குப் போகிறது. மணிக்கட்டை மடக்கி வைத்தபடியே அழுத்திப் பிடித்து வேலை செய்தால் அந்த நரம்பு நசுங்கும். அதுதான் இரவில் மரத்துப் போவது. நாள்பட விட்டால் ஊசியில் நூல் கோர்க்கக் கூடப் பிடி நிற்காது.

இதில் பெண்களுக்கு ஒரு கூடுதல் சிரமம். சராசரியாகப் பெண்ணின் கை சிறியது. பிடி வலிமை ஆணுக்கு இருப்பதில் பாதிக்கு மேல், முக்கால் பங்குக்குள்தான் இருக்கும். கடையில் தொங்குகிற கருவிகளோ பெரும்பாலும் ஆண் கை அளவை மனதில் வைத்துச் செய்தவை. ஆகவே ஆம்பளை வாங்குகிற மாதிரி நாமும் வாங்கினால் வலி நமக்குத்தான் அதிகம்.

இதற்கு வழி பலத்தைக் கூட்டுவது இல்லை, நீளத்தைக் கூட்டுவது. கதவைக் கீல் பக்கம் தள்ளிப் பாருங்கள், அசையாது. கைப்பிடி பக்கம் தள்ளினால் சுண்டு விரலுக்கு நகரும். ஸ்பேனரும் அதே கணக்குத்தான். 15 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரில் ஒரு நட்டைக் கழற்ற 30 கிலோ பலம் வேண்டும் என்றால், 30 செ.மீ. நீளத்தில் 15 கிலோ போதும். பாதிக்குப் பாதி! ஒரே நம்பரில் குட்டையும் நீளமும் இருந்தால், இடம் இருக்கிற வேலைக்கு நீளமானதை எடுங்கள்.

ஆனால் ஒன்று. நீளம் வேண்டும் என்று ஸ்பேனர் வாலில் பைப்பைச் சொருகி இழுக்கிற பழக்கம் நம் ஊரில் எல்லாப் பட்டறையிலும் உண்டு. அது வேண்டாம். ஸ்பேனர் அதன் நீளத்துக்கு ஏற்ற பலத்துக்குத்தான் செய்யப்பட்டது. பைப் போட்டால் வாய் விரியும், அல்லது வழுக்கி வந்து முகத்தில் அடிக்கும். சின்ன நட்டாக இருந்தால் மரையே அறுந்து போகும். துருப்பிடித்த நட்டுக்கு முதலில் கொஞ்சம் மண்ணெண்ணெயோ துரு நீக்கும் எண்ணெயோ விட்டு அரை மணி நேரம் ஊற விடுங்கள். கைவலிக்கு அதைவிட மலிவான மருந்து கிடையாது.

எந்த வகை?

புத்தகத்தில் "திருகுசாவி" என்று போடுவார்கள். பட்டறையில் போய் அப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். அதனால் பட்டறைப் பெயரிலேயே சொல்கிறேன்.

இரண்டு பக்கமும் வாய் திறந்தது பிக்ஸ் ஸ்பேனர். நட்டின் ஆறு பக்கத்தில் இரண்டு பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும். பக்கவாட்டில் சொருகலாம், அதுதான் அதன் சவுகரியம். வளையம் போல இருப்பது ரிங் ஸ்பேனர். அது நட்டைச் சுற்றி ஆறு முனைகளையும் பிடிக்கும். வழுக்காது, முனை மழுங்காது. இறுகிப் போன நட்டைக் கழற்றும் முதல் இழுப்புக்கும் முடுக்கும் கடைசி இழுப்புக்கும் ரிங்தான். நடுவில் வேகமாகச் சுற்றுவதற்குப் பிக்ஸ். ஒரு பக்கம் வாய், ஒரு பக்கம் வளையம் என்று இரண்டும் சேர்ந்த காம்பினேஷன் ஸ்பேனரும் உண்டு. கைக்காசு குறைவாக இருந்து ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

ரிங் ஸ்பேனரில் தலை கொஞ்சம் மேலே தூக்கி வளைந்து இருக்கும். அது அழகுக்கு இல்லை. பிடியைச் சுற்றும்போது விரல் முட்டி மெஷினில் உரசாமல் இருக்கத்தான். முட்டித் தோல் உரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பிக்ஸ் ஸ்பேனரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வாய் நேராக இருக்காது, சுமார் 15 டிகிரி சாய்ந்திருக்கும். தறிக்குள் கை நுழையாத இடத்தில் கொஞ்சம் சுற்றி, ஸ்பேனரைக் கவிழ்த்துப் போட்டு மறுபடி கொஞ்சம் சுற்றலாம். இது தெரியாமல் மணிக்கட்டை ஒடித்து ஒடித்துச் சுற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

திருகித் திருகி வாயைப் பெரிதாக்குகிற அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை "ஒண்ணு இருந்தா போதும், எல்லா நட்டுக்கும் ஆகும்" என்று விற்பார்கள். அவசரத்துக்குச் சரி. தினசரி வேலைக்கு ஆகாது. தாடை ஆட ஆட நட்டு முனை மழுங்கும், நாமும் நழுவாமல் இருக்க இன்னும் இறுக்கிப் பிடிப்போம். அந்த இறுக்கம்தான் கைவலி. கட்டாயம் பயன்படுத்த வேண்டி வந்தால், இழுக்கும்போது நகரும் தாடை உங்கள் பக்கம் பார்த்திருக்க வேண்டும். அப்போது பாரம் முழுக்க நகராத தாடை மேல் விழும்.

பைப் ரிஞ்ச் தனிக் கதை. அதன் பற்கள் உருண்டையான பைப்பைக் கடிக்கத்தான். நட்டில் போட்டால் நட்டு சின்னாபின்னம். நம் ஊர்களில் இருக்கிற இந்தியா மார்க் 2 அடிபம்பைப் பிரிக்க 18 அங்குல ரிஞ்ச் இரண்டு வேண்டும். ஒன்று பிடிக்க, ஒன்று சுற்ற. இரும்பில் ஒன்றின் எடையே இரண்டரை கிலோ வரும். பகல் முழுக்கத் தூக்கிப் பாருங்கள், தோள் சொல்லும். அலுமினியப் பிடி போட்ட ரிஞ்ச் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடை குறைவு. ஆனால் விலை அதிகம். மாதம் ஒரு பம்பு பார்க்கிற குழுவுக்கு இரும்பே போதும். வாரத்தில் நாலு நாள் பைப் வேலை என்றால் அலுமினியப் பிடி போட்டதைத் தயங்காமல் வாங்குங்கள். (பட்டாசு ஷெட்டுக்கு இது ஆகாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.)

நம்பர் குழப்பம்

"17 போட்டேன், ஆடுது. 16 போட்டா கச்சிதமா உட்காருது. நட்டு தேஞ்சிருக்கோ?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். நட்டு தேயவில்லை. 10 மி.மீ. போல்ட்டுக்குப் பழைய முறையில் தலை 17. புது முறையில் 16. அதே போல 12 மி.மீ. போல்ட்டுக்குப் பழையது 19, புதியது 18. கடையில் இரண்டும் கலந்து வருகிறது. அடிபம்புக்கு என்று வருகிற கருவிப் பெட்டியில் 17-19 ஸ்பேனர் இருப்பது இந்தப் பழைய கணக்குப்படிதான். 6 மி.மீ. போல்ட்டுக்கு 10, 8 மி.மீ. போல்ட்டுக்கு 13 என்பதில் மட்டும் பெரும்பாலும் மாற்றம் இல்லை.

பழைய தறி, பழைய அச்சு மெஷின் என்றால் அங்குலக் கணக்கு வரும். அரை அங்குல நட்டு 12.7 மி.மீ. அதில் 13-ஆம் நம்பர் ஸ்பேனர் போனாலும் கொஞ்சம் ஆடும். முக்கால் அங்குலத்துக்கு 19 நன்றாகவே உட்காரும். இங்கிலீஷ்காரன் காலத்து விட்வொர்த் மரை மெஷின்களில் இன்னும் வேடிக்கை. அந்த ஸ்பேனரில் கால் அங்குலம் என்று எழுதியிருந்தால் அது போல்ட்டின் பருமன், நட்டுத் தலையின் அகலம் இல்லை. வாய் 11 மி.மீ.க்கு மேல் இருக்கும். அளவை எழுத்தில் பார்க்காதீர்கள், நட்டில் போட்டுப் பாருங்கள்.

இதனால்தான் கடைக்குப் போகும் முன் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் மெஷினில், பம்பில் அடிக்கடி கழற்றுகிற நட்டு எது எது என்று பார்த்து, ஒவ்வொன்றிலும் தேயாத நட்டு ஒன்றை எடுத்து, ஒரு கயிற்றில் கோத்துக் கொள்ளுங்கள். தாலிக் கொடியில் குண்டுமணி கோர்ப்பது போல. அந்த நட்டு மாலையோடுதான் கடைக்குப் போக வேண்டும்.

கடையில்

"அண்ணாச்சி, 17-19 ஸ்பேனர் ஒண்ணு குடுங்க."

"சாதாவா, கம்பெனியாம்மா?"

"ரெண்டையும் எடுத்துப் போடுங்க அண்ணாச்சி. பார்த்துட்டுச் சொல்றேன்."

"ஸ்பேனர்ல என்னம்மா பார்க்க இருக்கு? இரும்பு இரும்புதான்!"

"சேலையில பார்க்கலையா? அது மாதிரித்தான்."

இப்போது நட்டு மாலையை எடுங்கள். ஸ்பேனர் வாயை நட்டில் சொருகி இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். லேசாக ஆடத்தான் செய்யும், ஆனால் கடகடவென்று ஆடக் கூடாது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வாயின் இரண்டு உதடும் ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அகன்று ஒரு பக்கம் குறுகி இருந்தால் கீழே வைத்து விடுங்கள்.

அடுத்து பிடி. கண்ணை மூடிக் கொண்டு நன்றாக இறுக்கிப் பிடியுங்கள். கத்தி முனை போல ஒரு விளிம்பு உள்ளங்கையை அறுத்தால் அது வேண்டாம். தகட்டை வெட்டி முலாம் பூசிய மலிவு ஸ்பேனர்களில் இந்த விளிம்பு நன்றாகத் தெரியும். அடித்து உருவாக்கிய ஸ்பேனரில் விளிம்பு உருண்டிருக்கும், நடு முதுகு தடித்திருக்கும், பாரம் உள்ளங்கை முழுக்கப் பரவும். வால் உங்கள் உள்ளங்கையின் அடி மேட்டில் வந்து முடியக் கூடாது, அதைத் தாண்டி வெளியே நீட்டிக் கொண்டிருக்க வேண்டும். உள்ளங்கைக்குள் முடிந்தால் இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த முனை நரம்பு இருக்கிற இடத்தில்தான் குத்தும்.

பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். கண்ணாடி மாதிரி மினுக்குவது எண்ணெய்க் கையில் வழுக்கும். மங்கலான பூச்சு பிடிக்க நன்றாக இருக்கும், விலையும் குறையலாம்.

பிறகு எழுத்து. நல்ல ஸ்பேனரில் நம்பரும் கம்பெனிப் பெயரும் உலோகத்திலேயே பதிந்திருக்கும். ஒட்டுத்தாளில் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். குரோம் வெனேடியம் எஃகு என்றால் "சி.ஆர்.-வி." என்று ஆங்கில எழுத்து இருக்கும். பிக்ஸ் ஸ்பேனருக்கு இந்தியத் தர எண் ஐ.எஸ். 2028, ரிங் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2029, பைப் ரிஞ்சுக்கு ஐ.எஸ். 4003. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் கீழே உரிம எண் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா பொய்யா என்று தெரிந்து விடும். செல்போன் வைத்திருக்கிற மகளையோ மருமகளையோ கூட்டிப் போங்கள். முத்திரை இல்லாத எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஜலந்தர், லூதியானா பட்டறைகளில் இருந்து வரும் சரக்கில் நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு. அதனால்தான் நட்டில் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். பில் மட்டும் கட்டாயம் வாங்குங்கள். நல்ல கம்பெனிகள் சில, உடைந்தால் மாற்றித் தருவதாகச் சொல்கின்றன. பில் இல்லாமல் கேட்க முடியாது.

பன்னிரண்டு ஸ்பேனர் செட் மலிவு என்று தோன்றும். எண்ணிப் பாருங்கள், அதில் நமக்கு உதவுவது நாலு. மீதி எட்டும் பெட்டியில் துருப்பிடிக்கும். செட்டுக்குக் கொடுக்கிற பணத்தில் அந்த நாலை நல்லதாக வாங்குங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நம்மிடம் பேரேடு எழுதுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காக. சாதா ஸ்பேனர் 60 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம், கம்பெனி ஸ்பேனர் 180 ரூபாய். (உங்கள் ஊர் விலையைப் போட்டுக் கொள்ளுங்கள்.) சாதாவின் வாய் எட்டு மாதத்தில் விரிந்து விட்டால் ஆறு வருஷத்தில் ஒன்பது வாங்க வேண்டும், 540 ரூபாய். கம்பெனி ஸ்பேனர் அந்த ஆறு வருஷமும் வரும். இதில் 360 ரூபாய் மிச்சம் என்பது மேலோட்டக் கணக்கு. விரிந்த ஸ்பேனர் நட்டு முனையை மழுக்கினால், அதை வெட்டி எடுக்க வெல்டிங் பட்டறைக்கு ஆள் கூப்பிட வேண்டும். அந்த ஒரு கூலியே ஸ்பேனர் விலையைத் தாண்டும். தறி நின்ற நேரம் வேறு. கைவலிக்கு வாங்கிய தைலம், ஊசி, லீவு போட்ட நாள், இதையெல்லாம் எந்தப் பேரேட்டிலும் நாம் எழுதுவதில்லை.

அதே நேரத்தில் எல்லாவற்றிலும் உயர்ந்த விலைதான் நல்லது என்றும் இல்லை. வருஷத்துக்கு இரண்டு முறை தொடுகிற நட்டுக்கு சாதா ஸ்பேனரே தாங்கும். தினமும் தொடுகிற இரண்டு மூன்று நம்பருக்கு மட்டும் காசைப் போடுங்கள்.

குழுவாக வாங்கினால் ரிஞ்ச் மாதிரிப் பெரிய கருவிகள் பொதுவில் இருக்கலாம். சின்ன ஸ்பேனர் அவரவர் கைக்குத் தக்கபடி சொந்தமாக இருப்பது நல்லது. பொதுக் கருவிக்குத் தீர்மானம் போட்டு, ஒரு பதிவேடு வையுங்கள். யார் எடுத்தார், எப்போது கொடுத்தார். சுவரில் ஒரு பலகை அடித்து ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் சாக்பீஸில் வரைந்து விட்டால், படிக்கத் தெரியாதவர்களுக்கும் எது காணவில்லை என்று ஒரு பார்வையில் தெரியும். வாய் விரிந்ததையும் விரிசல் விட்டதையும் "இருக்கட்டும்" என்று திரும்பவும் மாட்டாதீர்கள்.

பிடிக்கிற விதம்

தள்ளாதீர்கள், இழுங்கள். தள்ளும்போது நட்டு திடீரென்று விட்டால் முட்டி போய் இரும்பில் மோதும். தள்ளியே ஆக வேண்டிய இடத்தில் விரல்களை விரித்து உள்ளங்கையால் மட்டும் தள்ளுங்கள். மணிக்கட்டு முழங்கையோடு நேர்க்கோட்டில் இருக்கட்டும். வேலை மட்டம் உயரமாக இருந்தால் ஒரு கல்லோ பலகையோ போட்டு ஏறி நில்லுங்கள். தாழ்வாக இருந்தால் மணை போட்டு உட்காருங்கள். கையை மட்டும் வளைக்காதீர்கள்.

நம் ஊர் வெயிலில் பம்பு மேடையில் வைத்த ஸ்பேனர் தோசைக்கல் மாதிரி சுடும். பழைய சைக்கிள் டியூப்பை நறுக்கிப் பிடி மேல் இழுத்துப் போட்டால் சூடும் தெரியாது, விளிம்பும் உறுத்தாது, வியர்வையில் வழுக்கவும் செய்யாது. அரை மணிக்கு ஒரு தரம் கையை மாற்றுங்கள், விரலை விரித்து மூடுங்கள். இரவில் மரத்துப் போவது, விரல் மடங்கினால் நிமிராமல் "டக்" என்று மாட்டிக் கொள்வது, பிடித்த பாத்திரம் நழுவுவது, இதில் ஒன்று இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் தைலம் தேய்த்துக் கொண்டிருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் டாக்டருக்கும் காரணம் பிடிபடாது.

பட்டாசு ஷெட்டுக்கு வேறு சட்டம்

இதுவரை சொன்ன எஃகு ஸ்பேனர், அது எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும், மருந்து கலக்கிற, அடைக்கிற, திரி சொருகுகிற ஷெட்டுக்குள் போகக் கூடாது. இரும்பு இரும்பில் பட்டாலோ சிமெண்டுத் தரையில் விழுந்தாலோ பொறி பறக்கும். அலுமினியப் பவுடரும் கந்தகமும் வெடியுப்பும் தூசியாகக் கிடக்கிற இடத்தில் ஒரு பொறி போதும். வெடிபொருள் விதிகள் 2008, மருந்து உள்ள இடத்தில் பொறி எழுப்பாத கருவிகளைத்தான் அனுமதிக்கிறது. மரம், செம்பு, பித்தளை போன்றவை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை நம் பகுதியில் யாருக்கும் நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. உராய்வும் பொறியும் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும்.

நட்டு, போல்ட்டு வேலைக்கு மரத்தில் ஸ்பேனர் செய்ய முடியாது. அதற்கென்று அலுமினிய வெண்கலத்திலும் பெரிலியம் செம்பிலும் ஸ்பேனர்கள் வருகின்றன. விலை எஃகைப் போலப் பல மடங்கு. இதை வாங்கிக் கொடுப்பது முதலாளி பொறுப்பு. நம் குழுக் கடனில் வாங்க வேண்டிய பொருள் இல்லை. ஆனால் சரியானதைத்தான் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க நமக்குத் தெரிய வேண்டும்.

ஒரு காந்தத் துண்டு போதும். மஞ்சளாக மின்னுகிற ஸ்பேனரில் காந்தம் பச்சென்று ஒட்டினால் அது பித்தளை நிறம் பூசிய இரும்பு. அதை உள்ளே கொண்டு போகாதீர்கள். பெயரிலும் ஏமாறாதீர்கள். அலுமினிய வெண்கலம் என்பது பெரும்பகுதி செம்பு. வெறும் அலுமினியம் வேறு. வெறும் அலுமினியம் துருப்பிடித்த இரும்பில் மோதினால் கடும் சூட்டோடு பொறி வரும். அலுமினியப் பிடி ரிஞ்ச் அங்கே ஆகாது என்றது இதனால்தான். அதன் தாடை வேறு எஃகு.

இந்தச் செம்பு வகை ஸ்பேனர்கள் எஃகை விட மிருது. பலமாக இழுத்தால் வாய் சீக்கிரம் விரியும். ஆகவே பைப் சொருகுவது, சுத்தியல் போல அடிப்பது எல்லாம் இதில் அறவே கூடாது. எஃகுக் கருவிகளோடு ஒரே பெட்டியில் போடவும் கூடாது. இரும்புத் துகள் அதில் பதிந்து கொண்டால் பொறி வராத கருவியும் பொறி வரும் கருவியாகி விடும். பெரிலியம் செம்பை அரத்தில் ராவுவது, கிரைண்டரில் பிடிப்பது ஆபத்து. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

இன்னொன்று. "பொறி வராத கருவி" என்று பெயர் இருந்தாலும், அதில் வரும் பொறி சூடு குறைந்தது என்றுதான் அர்த்தம். முழுக்க ஆபத்தில்லை என்று அர்த்தம் இல்லை. அதனால் மெஷினைக் கழற்றும் முன் மருந்தை வெளியேற்றி, இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி, போர்மேன் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். "சும்மா ஒரு நட்டுத்தானே, முடுக்கி விடுங்கம்மா" என்று அவசரத்தில் சொன்னால், "மருந்தை எடுங்கண்ணே, முடுக்குறோம்" என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் கூட்டமைப்பு மூலம் மனு கொடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு

ஒவ்வொருவரும் வீட்டில், வேலையிடத்தில் பயன்படுத்துகிற ஸ்பேனர் ஒன்றும் அதற்கான நட்டு ஒன்றும் கொண்டு வாருங்கள். (பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் இதை வேலைப் பையில் போட்டு மறந்து விடாதீர்கள்!) வட்டமாக உட்கார்ந்து ஒருவர் ஸ்பேனரை அடுத்தவர் கையில் கொடுத்துப் பிடித்துப் பாருங்கள். பிறகு இவற்றைப் பேசுங்கள்:

எந்த ஸ்பேனர் யார் கைக்கு உறுத்தியது? உறுத்திய இடம் உள்ளங்கையில் எது?

நம் குழுவில் கை மரத்துப் போகிறது என்று சொல்கிறவர்கள் எத்தனை பேர்? அவர்கள் எந்தக் கருவி பிடிக்கிறார்கள், தினம் எத்தனை மணி நேரம்?

நம் ஊரில் அடிபம்போ குழாயோ ரிப்பேர் ஆனால் யாரைக் கூப்பிடுகிறோம்? எத்தனை நாள் காத்திருக்கிறோம்? அந்த வேலையைக் கற்றுக் கொள்ள விருப்பம் உள்ளவர் நம்மில் யார்? பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, மாதக் கூட்டத்துக்கு வரும்போது கூட்டமைப்பில் கொடுங்கள். பயிற்சிக்கு ஆள் சேர்ந்ததும் தகவல் சொல்கிறோம்.